நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஏறிய பஸ்

மைக்கை என் வாய் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, ஷீபா மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் தொண்டையைச் செருமினேன். அது ஸ்பீக்கரில் புகுந்து, ஓட்டுக் கூரையில் முட்டி, திரும்பி வந்து என்னையே பயமுறுத்தியது. மில்லில் பெல்ட் நழுவினால் வரும் சத்தம் அது.

கையில் காலிகோ துணி ஒட்டிய ஒரு நாவல். எதிரே இருபது, இருபத்தைந்து பேர். எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிடம். அதில் முதல் இரண்டு நிமிடம் நான் புத்தகத்தைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். சொல்லப்போனால் அன்றைய கூட்டத்தில் எல்லோருக்கும் மன ஒற்றுமை இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, பாதி வயிற்றோடு எழுந்து வருகிற ஆள். அப்படிப்பட்டவன் எதற்கு மைக் முன்னால் போய் நின்றான் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டு மழைக்காலத்துக்கு முந்தைய கதை.

யாரும் பேசாத தொழில்

கேரள எல்லைக்குள் இருக்கிற நல்லேப்பிள்ளியில் எனக்கு ஒரு மாவு மில். கோதுமை, அரிசி, மல்லி, மிளகாய். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. பல தொழிலை யோசித்துப் பார்த்து இதில் இறங்கினேன். காரணம் சாமர்த்தியம் அல்ல. மெஷின் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. பையை வைப்பார்கள், விரலைக் காட்டுவார்கள், போவார்கள். என்னைப் போன்றவனுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த உத்தியோகம்.

மெஷின் ஓட ஓட நான் படிப்பேன். தமிழ் பள்ளிக்கூடத்தில் கற்றது. மலையாளம் பஸ் போர்டு, ரேஷன் கார்டு, கரண்ட் பில் என்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வேகம் குறைவு, ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

ஒரே ஒரு தொந்தரவு. என் மில்லில் புத்தகம் திறந்தால் அதில் மிளகாய்த் தூள் படியும். பிளாஸ்டிக் கவர் போட்டுப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், பயனில்லை. நான் படித்துத் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை அடுத்து எடுப்பவர் தும்முவார். வாயனசாலையில் யாராவது அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டால், “பழனிச்சாமியண்ணன் படிச்ச புஸ்தகம்” என்று ஷீபா பார்க்காமலே சொல்வாள். வாயனசாலை என்றால் எங்கள் பக்கத்தில் ஊர்ப் படிப்பகம். ஷீபா அங்கே லைப்ரேரியன். மலையாளி வீட்டுப் பெண், ஆனால் எங்கள் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவாள்.

ஊரில் எனக்கு இருக்கும் இலக்கிய அந்தஸ்து இந்தத் தும்மல் மட்டும்தான்.

அலமாரிக்கு வந்த ஆபத்து

வாயனசாலையில் மொத்தம் ஒன்பது அலமாரி. ஏழு மலையாளம், ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ். ஆங்கில அலமாரியின் சாவி தொலைந்து பல வருடம் ஆகிறது. யாரும் தேடவில்லை. ஆனாலும் அதன் மேல் யாரும் கை வைக்கப்போவதில்லை. அது இருந்தால்தான் ஊருக்குக் கௌரவம்.

தமிழ் அலமாரிக்கு அந்தக் கௌரவம் கிடையாது. அது நின்ற மூலையில் அரசுப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு கம்ப்யூட்டர் வைக்கவேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. புத்தகங்களை என்ன செய்வது? மூட்டை கட்டி மச்சில் போட்டுவிடலாம். மச்சில் கரையான்கள் ஏற்கனவே உறுப்பினர்கள்.

இதை முன்மொழிந்தவர் தலைவர் சுகுமாரன் மாஷ். ரிட்டயர்டு மலையாள வாத்தியார். மாஷ் கெட்டவர் அல்ல. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு காரணமும் சொல்லவேண்டும் என்று நினைக்கிற மனுஷர், அவ்வளவுதான். தமிழ்ப் புத்தகத்தை எடுக்க ஆளில்லை என்றார். ஷீபா ரெஜிஸ்டரைக் காட்டினாள். எடுக்கிறார்கள், ஆனால் படித்து முடிக்கிறார்கள் என்று என்ன நிச்சயம் என்றார்.

கடைசியில் ஒரு நியாயம் பேசி வைத்தார்கள். எங்கள் வாயனசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தக சர்ச்சை உண்டு; மலையாளத்தில் சர்ச்சை என்றால் சண்டை அல்ல, கலந்து பேசுவது. சமீபத்தில் படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி ஒருவர் பேசவேண்டும். அடுத்த சர்ச்சையில் முழுக்கப் படித்த ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி யாராவது பேசினால் அலமாரி இருக்கும். இல்லாவிட்டால் மச்சு.

ஷீபா என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டாள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ, பூச்செண்டுப் படம், என் பெயர். நான் அதைப் பார்த்தபோது நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். செத்தவனுக்கும் அதே கைதான் கூப்புவார்கள்.

“ஏனுங்க, நீங்களா பேசறீங்க?” என்றாள் என் மனைவி சாந்தாமணி.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“பொண்ணுப் பார்க்க வந்தப்பவே பேசலைங்களே.”

ஆனால் அந்த அலமாரி இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்த அலமாரியோடுதான் எனக்குப் பேச்சுவார்த்தை.

அந்த வருடம் முடித்தவை

எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்று பட்டியல் போட்டேன். தலைப்புகளையும் எழுதியவர்களையும் இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் உயிரோடு இருந்தால் இந்த வாரமே பத்திரிகைக்குக் கடிதம் போடுவார்கள்.

முதலில், கூச்சத்தைப் போக்குவது எப்படி என்று ஒரு புத்தகம். ஆங்கிலத்திலிருந்து மலையாளத்துக்கு வந்தது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று பத்து நிமிடம் பேசச் சொன்னது. பேசினேன். சாந்தாமணி பார்த்துவிட்டு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தினமும் முன்பின் தெரியாத ஐந்து பேரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னது. மில்லில் சிரித்தேன். முதல் ஆள் பையைத் தூக்கி எடையைச் சோதித்துப் பார்த்தார். அதோடு அந்தப் புத்தகத்தை முடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு தமிழ்த் துப்பறியும் நாவல். துப்பறிகிறவர் அத்தியாயத்துக்கு இரண்டு காப்பி குடிக்கிறார். வெறும் வயிற்றில். பாதிக்கு மேல் கொலைகாரனை நான் மறந்துவிட்டேன், அவர் குடல்தான் கவலையாக இருந்தது. கொன்றது யார் என்பது நான்காம் பக்கத்திலேயே தெரியும். “ஊருக்கே நல்லவர்” என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால் வேறு யாராக இருக்கமுடியும்?

ஒரு மலையாளப் பயண நூல். எழுதியவர் ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறார், பஸ் ஜன்னல் வழியாக. பனிமலை வருகிறது. நம்மூர் மலை போலவே இருக்கிறது என்கிறார். ஏரி வருகிறது. நம்மூர்க் காயல் போலவே இருக்கிறது என்கிறார். நாற்பது பக்கத்துக்குப் புட்டுக் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார். அரிசியை என் மில்லில் கொடுத்திருந்தால் மாவாக்கி அனுப்பியிருப்பேன். இத்தனை செலவு மிச்சம்.

ஒரு கவிதைத் தொகுப்பு. பக்கத்துக்கு ஏழெட்டுச் சொல். மீதி வெள்ளை. அந்த வெற்றிடம்தான் கவிதை என்று முன்னுரையில் விளக்கியிருந்தார்கள். முன்னுரை பதினெட்டுப் பக்கம். அதில் ஒரு இடத்தில்கூட வெற்றிடம் இல்லை.

அந்த வருடம் பாத்திரங்கள் நன்றாக அமைந்த புத்தகம் என்றால், முதலமடையிலிருந்து மல்லி அரைக்க வந்த ஒரு மாந்தோப்புக்காரர் மறந்துவிட்டுப் போன விவசாயக் கையேடுதான். அதில் வரும் தத்துப்பூச்சி பூப்பிடிக்கும் நேரம் பார்த்து வருகிறது, சாறு உறிஞ்சுகிறது, போகிறது. எதற்காக வந்தோம் என்று அதற்குத் தெரியும். பல நாவல்களில் கதாநாயகனுக்கு அது தெரிவதில்லை.

சிவசாமி

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நான் எடுத்துக்கொண்டது இந்தக் காலிகோ ஒட்டிய நாவலைத்தான். கிண்டல் செய்ய முடியாமல் போன ஒரே புத்தகம். மைக் முன்னால் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

சிவசாமி என்று ஒரு கடலைக்காய் வியாபாரி. தேனிப் பக்கத்து வறண்ட ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்பதில் சண்டை. சிவசாமி வாய் ஓயாத ஆள். அண்ணனோடு சண்டை, பெண்டாட்டியோடு சண்டை, தராசோடு சண்டை. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு விடாமல் பேசுகிறான். ஒரு நாள் எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு, மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறுகிறான். மழை பிடித்துக்கொள்கிறது. எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்கிறார். “பஸ் எதுவரைக்கும் போகுமோ அதுவரைக்கும்” என்கிறான்.

அடுத்த பக்கம், மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சாந்தன்பாறைப் பக்கம், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே. மழையில் ஜீப்பிலிருந்து நினைவில்லாத ஓர் ஆளை இறக்குகிறார்கள். பெயர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. மேரிக்குட்டி என்கிற நர்ஸ் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். அதன் பிறகு தொண்ணூற்றாறு பக்கத்துக்கு அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் பேசுகிறாள். தலை துவட்டிவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொல்கிறாள். கடைசியில் அவன் கண்ணைத் திறக்காமலே போய்விடுகிறான். அவள் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். அவ்வளவுதான்.

“அத்தனை பேசின ஆளுங்க” என்றேன் மைக்கில். “அவன் பேச்சை நிறுத்தின பிறகுதானுங்க ஒருத்தர் அவன்கிட்டப் பேசறாங்க. மில்லில உட்கார்ந்து அழுதேன். மிளகாய் நெடின்னு நினைச்சாங்க எல்லாரும்.”

என் வாழ்க்கையில் அத்தனை பேருக்கு முன்னால் நான் சேர்த்துப் பேசியது அவ்வளவுதான். கைதட்டக்கூட இரண்டு பேர் ஆரம்பித்தார்கள்.

மாஷ் கையைத் தூக்கினார்.

பைண்டரின் கணக்கு

“பழனிச்சாமி, ஆ மேரிக்குட்டி எந்த பாஷையிலாணு பேசுந்நது?” என்று கேட்டார்.

மலையாளத்தில் என்றேன். பாதிப் புத்தகம் மலையாளத்தில்தான் இருக்கிறது என்றேன். ஆள் கேரளாவுக்குள் வந்துவிட்டான், அதனால் கதையும் மலையாளமாகிவிட்டது என்றேன். சொல்லும்போதே மாஷ் முகத்தில் ஒரு சிரிப்பு பூத்து வருவதைப் பார்த்தேன். வகுப்பில் தப்புக் கண்டுபிடித்த வாத்தியாரின் சிரிப்பு. ஓய்வு பெற்றாலும் அந்தச் சிரிப்புக்கு பென்ஷன் உண்டு போலிருக்கிறது.

மாஷ் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கி, நடுவில் பிரித்து, எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம்.

“இது ரெண்டு புஸ்தகமாணு” என்றார். “மேரிக்குட்டி ஒரு மலையாள நாவலிலே நர்ஸ். தொண்ணூத்தாறு பக்கம் வாயிச்சிட்டும் மனசிலாயில்லே?”

இத்தனை படித்தும் புரியவில்லையா என்கிறார். கூடம் சிரித்தது.

நடந்தது இதுதான். இரண்டு நாவலும் தையல் விட்டுப் போய், தாள் தாளாகக் கொழிஞ்சாம்பாறை பைண்டர் தங்கவேலுவிடம் போயிருக்கின்றன. தங்கவேலு கவனமான ஆள். எதையும் படிக்கமாட்டார், படித்தால் வேலை ஓடாது என்பார். பக்க எண்ணைப் பார்த்துத்தான் அடுக்குவார். ஒன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை தமிழ். நூற்றுப் பதிமூன்றிலிருந்து மலையாளம். எண்ணில் ஒரு பிசகு இல்லை. மேலே புதுக் காலிகோ.

நூற்றுப் பதிமூன்றாம் பக்கம் பாதி வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது. அதை நான் கவனிக்காமல் இல்லை. நவீன நாவலில் அப்படித்தான் என்று இதே பத்திரிகையில்தான் எப்போதோ படித்தேன்.

நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். போய் உட்காரலாமா, நிற்கலாமா என்று தெரியவில்லை. கூச்சம் போக்கும் புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் இல்லை.

அப்போ தமிழ்ப் புத்தகம் எதையும் யாரும் முழுக்கப் படிக்கவில்லை என்றுதான் ஆகிறது என்று மாஷ் கமிட்டிக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். கம்ப்யூட்டர் மேஜைக்கு அளவெடுக்க ஒருவர் எழுந்தே விட்டார்.

பின் வரிசையிலிருந்து காதர் ராவுத்தர் எழுந்தார். கவலையில் இருப்பவர் போல முகம். எங்கள் கடைத்தெருவில் மளிகைக் கடை. “மாஷே, நானும் அதைப் படிச்சேன்” என்றார்.

மாஷ் திரும்பினார்.

“எனக்கும் ஒண்ணும் தோணலை. எழுதுன ஆளு பாதியில இந்தப் பக்கம் பொண்ணுக் கட்டி வந்துட்டாருபோலன்னு நினைச்சேன்.”

அடுத்து அங்கன்வாடியில் வேலை செய்யும் தேவகியக்கா. அவரும் படித்திருக்கிறார். “பாஷை மாறினா என்னங்க மாஷே? எங்க ஊட்டுல சண்டையே தமிழ்ல ஆரம்பிச்சு மலையாளத்துலதான் முடியும்.”

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ஷீபா ரெஜிஸ்டரைப் புரட்டினாள். பைண்டிங் முடிந்து வந்த பிறகு அந்தப் புத்தகத்தை ஆறு பேர் எடுத்திருக்கிறார்கள். ஆறு பேரும் முடித்திருக்கிறார்கள். ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. அதில் நான்கு பேர் கூடத்திலேயே இருந்தார்கள். சிவசாமி பஸ் கவிழ்ந்து விழுந்தானா, தானாகக் குதித்தானா என்று அவர்களுக்குள் வாக்குவாதமே தொடங்கிவிட்டது.

மாஷ் மேஜையைத் தட்டினார். ஆறு பேர் படித்தது ஒரு தவறை, ஒரு நாவலை அல்ல என்றார். தமிழ் நாவலின் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். பாதி என்பது முழுமை ஆகாது. தீர்மானம் தீர்மானம்தான்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

நூற்றுப் பதிமூன்று

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், மாஷை மடக்கவேண்டும் என்று எனக்குத் துளியும் இல்லை. சிவசாமி என்ன ஆனான் என்று தெரியாமல் போய்விடுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

என் கையில் இருப்பது தமிழின் முன்பாதியும் மலையாளத்தின் பின்பாதியும். அப்படியானால் மற்றப் பாதிகள் ஒன்றாகத் தைக்கப்பட்டு எங்கோ இருக்கவேண்டும். எங்கே என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மூன்று மாதம் முன்பு இதே கூடத்தில், இதே மைக்கில், மாஷ் முக்கால் மணி நேரம் பேசிய மலையாள நாவல் அதுதான். மேரிக்குட்டி கதை. அன்றைக்குக் கூடமே பாதித் தூக்கத்தில் இருந்ததால் அவள் பெயர் யாருக்கும் மனசில் நிற்கவில்லை, இப்போதுதான் உறைத்தது. “கடைசிப் பக்கங்களின் மௌனம் நம்மை உலுக்கிவிடும்” என்று சொல்லி, அதைக் குழுவிலும் போட்டார். நான் கைகூப்பினேன்.

மாஷுக்குத் தமிழ் பேசினால் புரியும். எழுத்து தெரியாது. அவரே அடிக்கடி சொல்வார்.

மைக் இன்னும் என் வாய்க்கு நேராகத்தான் இருந்தது.

“மாஷே,” என்றேன். “என் கதையோட பாக்கி நீங்க முடிச்ச புஸ்தகத்துலதானுங்க இருக்கணும். சிவசாமி ஊட்டுக்குத் திரும்பிப் போனானுங்களா?”

ஷீபா எழுந்து போனாள். மலையாள அலமாரியிலிருந்து அதே நிறக் காலிகோ ஒட்டிய புத்தகத்தை எடுத்து வந்து, மேஜையில் வைத்து, நடுவில் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. பைண்டர் ஓரம் வெட்டியபோது ஒட்டிக்கொண்ட தாள்கள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன. விரலால் மெல்லப் பிரித்தாள். ஒவ்வொரு தாளும் டப், டப் என்று விட்டது. மைக்கில் அது நன்றாகக் கேட்டது. நூற்றுப் பதிமூன்றாம் பக்கம், சுத்தத் தமிழ்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் மாஷைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மரியாதை என்பது என்ன என்று அன்றைக்கு ஓரளவு விளங்கியது.

மாஷ் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். எல்லோர் கண்ணும் தன் மேல் இருக்கும்போது கைக்கு ஒரு வேலை வேண்டும். அந்தத் துடைப்பு எனக்குப் பழக்கம்.

“அவசானம் ஞான் வாயிச்சிட்டில்லா,” என்றார். முடிவை நான் படிக்கவில்லை.

எனக்கு மைக்கை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அது இப்படிப் போய் நின்றது.

அலமாரி பற்றித் தீர்மானம் எதுவும் போடவில்லை. டீ வந்துவிட்டது. எங்கள் வாயனசாலையில் நல்ல காரியங்கள் தீர்மானம் இல்லாமல்தான் நடக்கும். அளவெடுக்க எழுந்தவர் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு வடை எடுக்கப் போனார். கம்ப்யூட்டர் பிறகு ஆங்கில அலமாரி பக்கத்தில் வந்தது. அலமாரி இன்றைக்கும் அதே மூலையில்தான் நிற்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு ஆகவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்துப் போய்ச் சிவசாமியின் கதியைப் பார்க்கலாம் என்று மேஜைக்குப் போனேன். எனக்கு முன்னால் மாஷ் ரெஜிஸ்டரில் பெயர் எழுதி, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். எழுத்தே தெரியாத புத்தகத்தை எடுத்துப் போய் என்ன செய்வார் என்று சாந்தாமணியிடம் புலம்பினேன்.

“நீங்க பேசாம இருந்திருந்தா உங்க கைக்கு வந்திருக்குமுங்க” என்றாள்.

மெஷினை நிறுத்தியது

நான்கு நாள் கழித்து மாஷ் மில்லுக்கு வந்தார். கையில் கோதுமைப் பை. அவர் வீட்டிலிருந்து எப்போதும் வருவது அவர் மனைவிதான். நான் யாருடையதோ மிளகாயை அரைத்துக்கொண்டிருந்தேன். மாஷ் பையை வைத்தார், போகவில்லை. ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். பிறகு பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளம் வைத்திருந்தார். அதைத் திறந்து என்னிடம் நீட்டி, தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

பாதி மிளகாயில் மெஷினை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. பெல்ட் சுற்றி ஓய்ந்த பிறகு தெருச் சத்தமெல்லாம் கேட்டது. எங்கள் தெருவில் இவ்வளவு குயில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மாஷ் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். அடுத்தவர் எழுதியதை வாசிப்பதில் எனக்குக் கூச்சம் வரவில்லை. நடுவில் நடுவில் மாஷ் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். எனக்குத் தெரிந்தால் சொன்னேன், தெரியாவிட்டால் தாண்டினேன். அவரும் பாதி நாவலைத் தாண்டிய ஆள்தானே, கோபித்துக்கொள்ளவில்லை.

ஐந்து நாள் வந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு பை கோதுமை. அவர் வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சப்பாத்தியாக இருந்திருக்கும்.

ஒரு நாள், தான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது சரியல்ல என்று, முன்பாதி மலையாளத்தில் ஆஸ்பத்திரி ஆள் உண்மையில் யார் என்று சொல்ல ஆரம்பித்தார்.

“வேண்டாங்க மாஷே,” என்றேன். “அவன் எனக்குச் சிவசாமியாவே இருக்கட்டும்.”

மாஷ் மேலே வாசிக்கச் சொல்லித் தலையாட்டினார்.

சிவசாமி என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? பஸ் அடுத்த ஊரில் பழுதாகி நிற்கிறது. அவன் இறங்குகிறான். மனம் திருந்துகிறான். வீட்டுக்குத் திரும்புகிறான். அண்ணன் வாசலிலேயே நிற்கிறார். இருவரும் நான்கு பக்கத்துக்குக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே பந்தலில் கல்யாணம். கிணறு நிரம்பி வழிகிறது. கடைசி வரியில் எழுதியவர், “வாசகர்களே, ஒற்றுமையே பலம்” என்று நம்மிடமே நேராகச் சொல்லிவிடுகிறார்.

நான் புத்தகத்தை மூடினேன். மாஷ்தான் முதலில் சொன்னார்.

“இது கொள்ளில்லா, பழனிச்சாமி. பைண்டர் செய்ததாணு நல்லது.”

இந்த முடிவு நன்றாக இல்லை என்கிறார். அதை நானே சொல்லியிருப்பேன், கூச்சமாக இருந்தது. அந்த மாத கமிட்டியில், இரண்டு புத்தகத்தையும் பிரித்துச் சரியாகத் தைக்கவேண்டும் என்று யாரோ கேட்டபோது, பைண்டிங் உறுதியாக இருக்கிறது, கை வைத்தால் கெட்டுவிடும் என்று மாஷ் முடித்துவிட்டார். அதற்குக் காரணமும் சொன்னார் என்று கேள்வி. மாஷ் அல்லவா.

புத்தகம் திரும்பிய அன்று ஷீபா போன் செய்தாள். எனக்கு யாரும் போன் செய்வதில்லை, அதனால் பதறிப்போய் எடுத்தேன்.

“அண்ணா, மாஷ் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுத்துட்டாருங்க. இந்தத் தடவை கடைசி வரைக்கும் முடிச்சிருக்காரு.”

அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

பதில் வர நேரமானது. அந்தப் பக்கம் ஒரு தும்மல், இன்னொன்று, மூன்றாவது.

“நூத்திப் பதிமூணாம் பக்கத்துல இருந்து இப்படித்தானுங்க” என்றாள்.